ஆமைக்கு நோய் வந்தால் யார் பேச்சைக் கேட்பது? யாழ்ப்பாணத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் பற்றி ஓர் ஒப்பீடு

வீட்டில் வளர்க்கிற ஆமையின் கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன, சில நாளாகத் தீனும் எடுக்கவில்லை என்று வையுங்கள். யாழ்ப்பாணத்தில் யாரிடம் போவீர்கள்? மாடு, ஆடு, நாய், கோழி என்றால் யோசிக்கவே தேவையில்லை. ஊர்வன என்று வந்தவுடன் ஆள் தேடுவது பெரும்பாடு. ஆனால் தேடாமலே வந்து சேரும் ஆலோசனைக்குக் குறைவே இருக்காது. விற்ற கடைக்காரர் ஒன்று சொல்வார். பக்கத்து ஒழுங்கை ஐயா இன்னொன்று சொல்வார். பாம்பு பிடிக்கிற தம்பி வேறொன்று சொல்வார். ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் வட்சப்பில் நாலு வீடியோ அனுப்புவார். எல்லோரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், எல்லோரும் "எனக்கு அனுபவம் இருக்கு" என்றுதான் தொடங்குகிறார்கள்.

இவர்களை ஒருவரோடு ஒருவர் வைத்துப் பார்த்து, எந்த விசயத்துக்கு யாரிடம் போகலாம், எந்த அளவுக்கு நம்பலாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒரு சின்ன உயிர் வாய் திறந்து சொல்ல முடியாமல் கிடக்கும்போது, பிழையான ஆளிடம் போகிற ஒரு கிழமை அதற்குப் பெரிய காலம்.

ஊர்வன விசயத்தில் அனுபவத்தை அளப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பி மீன் வளர்க்கிறவர் பிழை விட்டால் அடுத்த நாள் காலையில் மீன் மிதக்கும். கோழித் தீன் பிழைத்தால் கொஞ்ச நாளிலேயே முட்டை குறையும். வளர்ப்பவர் பிழையைக் கையோடு கண்டு திருத்திக்கொள்வார். ஆமை அப்படிக் காட்டிக்கொடுக்காது. அதன் உடம்பு வேலை செய்வதே மெதுவாக. தீன் இல்லாமல் கிழமைக்கணக்கில் தாங்கும். கல்சியம் குறைந்தால் தன் எலும்பிலும் ஓட்டிலும் இருப்பதை எடுத்து மாதக்கணக்கில் நாளைக் கடத்தும். வெளியில் தெரிய வரும்போது ஓடு விரலால் அழுத்தினால் அமுங்குகிற நிலைக்கு வந்திருக்கும். அப்போது வளர்ப்பவர், "நேற்றுவரைக்கும் நல்லாத்தான் இருந்தது" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது.

அதனால் "ரெண்டு வருசமா வளர்க்கிறன், ஒண்டும் நடக்கேல்லை" என்ற பேச்சை நான் சான்றாக எடுப்பதில்லை. நல்ல பராமரிப்பில் 20, 30 வருடம் வாழக்கூடிய பிராணிக்கு இரண்டு வருடம் என்பது குழந்தைப் பருவம். அந்த வயதில் அது உயிரோடு இருப்பது பராமரிப்பின் திறமையாலும் இருக்கலாம், ஆமையின் பொறுமையாலும் இருக்கலாம்.

சரி, கடைக்காரரிடம் இருந்து தொடங்குவோம். பெரும்பாலானோருக்கு அவர்தான் முதல் ஆலோசகர். மீன்தொட்டிக் கடைகளில் விற்கிற குட்டி ஆமை அநேகமாகச் சிவப்புக் காது ஆமையாக இருக்கும். கண்ணுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கீற்று, பச்சை ஓடு, உள்ளங்கையில் இரண்டு மூன்று அடங்குகிற அளவு. அதன் சொந்த இடம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. பெண் ஆமை வளர்ந்தால் ஓடு மட்டும் 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரை வரும். ஆண் கொஞ்சம் சிறிது, முன்னங்கால் நகங்கள் நீளமாக இருக்கும்.

கடைக்காரருக்கு ஒரு விசயம் நிச்சயமாகத் தெரியும். குட்டி எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் கடையில் நின்றது, இதுவரை என்ன தின்றது என்பதை அவரைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஆமை அவர் கண்ணுக்கு முன்னால் நிற்பது சில கிழமைகள்தான். அது வளர்ந்து பெரிதாவதை அவர் பார்ப்பதில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டால் அவரை மதிப்பிட்டுவிடலாம்: "அண்ணை, இது எவ்வளவு பெரிசா வளரும்?" "இது இவ்வளவுதான், தொட்டி அளவுக்குத்தான் வளரும்" என்று பதில் வந்தால் மேற்கொண்டு அவரிடம் எதுவும் கேட்காதீர்கள். தொட்டி சிறிதென்று ஆமை சிறிதாக நின்றுவிடாது. நின்றால் அது நோய். "ஒரு அடி வரும், உங்களிட்ட இடம் இருக்கா?" என்று திருப்பிக் கேட்கிறவர் ஒரு விற்பனையை இழக்கத் தயாராக இருக்கிறார். அப்படிப்பட்டவரின் மற்றச் சொல்லுக்கும் பெறுமதி உண்டு.

கடையில் விற்கிறார்கள் என்பதற்காகச் சட்டப்படி எல்லாம் சரி என்று ஆகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். அமெரிக்காவிலேயே ஓடு 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை 1975 இல் தடை செய்தார்கள். சின்னப் பிள்ளைகள் குட்டி ஆமையை வாயில் வைத்து, வயிற்று நோயைத் தரும் சல்மொனெல்லா என்ற கிருமியின் தொற்றுக்கு ஆளானதுதான் காரணம். ஐரோப்பிய ஒன்றியம் 1997 இல் இந்த ஆமையின் இறக்குமதியை நிறுத்தியது. குளங்களில் கொண்டுபோய் விடப்பட்டு அங்குள்ள ஆமைகளின் இடத்தையும் தீனையும் பிடித்துக்கொண்டதால் வந்த தடை அது. ஆகவே, "வளர்க்கக் கஷ்டமெண்டால் ஆரியகுளத்திலயோ கோயில் கேணியிலயோ விட்டிடுங்கோ" என்று சொல்பவர் கடைக்காரராக இருந்தாலும் சரி, படித்தவராக இருந்தாலும் சரி, அந்த ஒரு வசனத்தோடு என் பட்டியலில் இருந்து நீங்கிவிடுவார்.

அடுத்தது ஒழுங்கை ஐயா. ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். சின்ன வயதில் கிணற்றில் ஆமை கண்டவர், மழை பெய்து வெள்ளம் நிற்கும்போது பால் ஆமை எந்தப் பக்கத்தால் வரும் என்று தெரிந்தவர், உடும்பு முட்டை இடுகிற இடம் அறிந்தவர். இந்த அறிவை நான் மிகவும் மதிக்கிறேன். புத்தகத்தில் கிடைக்காத, பார்த்துப் பார்த்துச் சேர்ந்த அறிவு அது. ஆனால் அவருடைய அறிவு இந்த மண்ணின் பிராணிகளைப் பற்றியது. அவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டில் வைத்திருக்கவே சட்டம் இடம் தராது. 1937 ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்னைய திருத்தங்களும் உள்நாட்டு ஊர்வனவில் பெரும்பகுதியைப் பாதுகாக்கின்றன. நட்சத்திர ஆமை விசயத்தில் இன்னும் கடுமை. 2019 இல் அது, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் (CITES) முதலாம் பின்னிணைப்புக்கு மாற்றப்பட்டது. அதாவது வணிக நோக்கில் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது. வீட்டு முற்றத்தில் நட்சத்திர ஆமை உலாவவிட்டபடி ஒருவர் ஆலோசனை சொன்னால், ஆமை எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் அவர் ஒரு முக்கியமான விசயத்தைத் தெரியாமலோ தெரிந்தோ தாண்டிப் போயிருக்கிறார்.

ஐயாமாரிடம் "எத்தினை வருசமா வளர்க்கிறியள்?" என்று கேட்பதில் பிரயோசனம் குறைவு. "முதல் வளர்த்தது இப்ப எங்கை, ஐயா?" என்று கேளுங்கள். ஒரே ஆமையை இருபது வருடம் வைத்திருப்பவர் ஒரு வகை. இருபது வருடத்தில் பத்து ஆமையை மாற்றி மாற்றி வாங்கியவர் வேறு வகை. இரண்டாமவருக்கு உண்மையில் இருப்பது இரண்டு வருட அனுபவம். அதைப் பத்துத் தரம் திருப்பிச் செய்திருக்கிறார். கேள்வியை மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் நேர்மையான பதில்தான் வரும். "ஒண்டு மாரிக்குள்ள செத்துப்போச்சு, மற்றதை நாய் கடிச்சிட்டுது" என்று இறந்தவற்றின் கதையையும் காரணத்தையும் சொல்பவர் என்றால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கேளுங்கள். சாவைப் பேசாத வளர்ப்பாளரிடம் கற்க அதிகம் இல்லை.

பாம்பு பிடிக்கிற தம்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே உயிர்கள் பணயம் வைக்கப்படுகின்றன. வெறுங்கையால் நாகத்தின் வாலைப் பிடித்துத் தூக்கி நிற்கிற படம், சுற்றி நின்று பார்க்கிற கூட்டம், "எனக்கு மூண்டு தரம் கடிச்சிருக்கு" என்ற பெருமை. பார்க்கிறவர்களுக்கு இது பெரிய தகுதியாகத் தெரிகிறது. எனக்குக் கடி எண்ணிக்கை எதிர்ப்பக்கத்துச் சான்று. பலகாலம் பாம்புகளோடு புழங்கியும் கடி வாங்காதவரிடம்தான் ஒழுங்கு இருக்கிறது. கொக்கி, குழாய், பை, நீளச் சப்பாத்து, பக்கத்தில் இன்னொரு ஆள் இல்லாமல் பாம்புக்குக் கிட்டப் போகாதவரும் கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்பவரும் பார்க்கச் சுவாரசியமாக இருக்க மாட்டார்கள். நம்ப வேண்டியவர்கள் அவர்களே.

அனுபவம் மட்டும் காப்பாற்றாது என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. ஜோ ஸ்லோவின்ஸ்கி கலிபோர்னிய அறிவியல் கழகத்தில் இருந்த பாம்பு ஆய்வாளர், நச்சுப் பாம்புகளில் உலகம் அறிந்த பெயர். 2001 செப்டெம்பர் 11 ஆம் திகதி வட மியன்மாரின் ஒரு தொலைவான கிராமத்தில், உதவியாளர் பிடித்துப் பையில் வைத்திருந்த சின்னப் பாம்பு ஒன்றைப் பார்க்கப் பைக்குள் கையை விட்டார். அது நஞ்சில்லாத பாம்பாக இருக்கும் என்று உதவியாளர் சொல்லியிருந்தார். உள்ளே இருந்தது கட்டுவிரியன் இனத்துக் குட்டி. காலநிலை மோசமாக இருந்ததால் உதவி நேரத்துக்கு வந்து சேரவில்லை. அடுத்த நாள் இறந்தார். வயது 38. அவருடைய அறிவில் குறை இருக்கவில்லை. இன்னொருவர் சொன்ன பெயரை ஒரு கணம் சோதிக்காமல் விட்டதுதான் நடந்தது.

இதே குழப்பம் எங்கள் வீடுகளிலும் நடக்கக்கூடியது. எட்டடி விரியன் என்று எங்கள் பக்கம் சொல்கிற கட்டுவிரியனும், வீட்டுக்குள் பல்லி தேடி வரும் நஞ்சில்லாத ஓநாய்ப் பாம்பும் கறுப்பிலோ கபிலத்திலோ வெள்ளை வளையங்களோடு இருக்கும். ஓநாய்ப் பாம்பில் வளையங்கள் கழுத்துப் பக்கம் தெளிவாகத் தொடங்கி வாலை நோக்கி மங்கும். கட்டுவிரியனில் பெரும்பாலும் முன்பக்கம் மங்கல், பின்பக்கம் தெளிவு. முதுகின் நடுவே ஒரு வரிசைச் செதில் மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். பாம்பு தெரியும் என்பவரிடம் இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று கேளுங்கள். செதிலையும் வளையத்தையும் விளக்கிவிட்டு, "ஆனாலும் கையால தொடமாட்டன்" என்று முடிப்பவருக்கு விசயம் தெரியும். "பார்த்தவுடனே தெரிஞ்சிடும்" என்பவரை வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பதே வழி. யாருக்காவது கடித்துவிட்டால் கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம், அவரை நடக்கவிடாமல் நேரே போதனா வைத்தியசாலைக்கோ கிட்டவுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ கொண்டு போங்கள்.

பாம்பு பிடிக்கிற தம்பி ஆமைக் கண்ணுக்கும் மருந்து சொல்வார். துணிச்சல் ஒரு பிராணியோடு வந்தால் மற்றப் பிராணிகளின் அறிவும் கூடவே வரும் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். பாம்பைப் பிடித்து வெளியில் விடுவதும் ஆமையை இருபது வருடம் வளர்ப்பதும் வேறு வேறு வேலைகள்.

இனி வெளிநாட்டு மச்சான். யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஒருவர் இருப்பார். ஊர்வன வளர்ப்பில் அவருக்கு எங்களைவிட நல்ல வாய்ப்பு. தனி மருத்துவர்கள், நல்ல உபகரணம், வாசிக்க நிறையப் புத்தகம். கல்சியம், விற்றமின் டி, வெயிலில் உள்ள யூவிபி என்ற புற ஊதாக் கதிர் மூன்றுக்கும் உள்ள தொடர்பை அவர் சரியாகச் சொல்வார். யூவிபி பல்ப் எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் கதிர் ஆறு மாதத்தில் இருந்து ஒரு வருடத்துக்குள் குறைந்துவிடும், அதனால் மாற்ற வேண்டும் என்பதும் அவரிடம்தான் முதலில் கேள்விப்படுவீர்கள். இவை எந்த நாட்டிலும் பொருந்தும்.

ஆனால் அவருடைய வீட்டில் வெளியே பனி கொட்டுகிறது. அங்கே தொட்டிக்குச் சூடேற்றி கட்டாயம். இங்கே மார்கழி, தை இரவிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழே போவது அரிது. சித்திரை, வைகாசியில் பகல் 33, 34 பாகை நிற்கிறது. அந்த நேரம் மச்சான் சொன்னார் என்று சூடேற்றியைப் போட்டால் ஆமையை அவிப்பதாக முடியும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி நேர் எதிரானது: மதியம் இரண்டு மணிக்குத் தொட்டித் தண்ணீர் எத்தனை பாகை, நிழல் எங்கே? அதேபோல யூவிபி பல்புக்கு அவர் செலவழிக்கிற காசை நாம் செலவழிக்கத் தேவையில்லை. காலை வெயில் இலவசமாக வருகிறது. ஆனால் அது நேரடியாக ஆமைமேல் பட வேண்டும். யன்னல் கண்ணாடியும் தொட்டிக் கண்ணாடியும் யூவிபியைப் பெருமளவு தடுத்துவிடும். பாதி நிழல் உள்ள அகலமான பேசினில், ஆள் கூட நிற்க, காலையில் கொஞ்ச நேரம் போதும். மதிய வெயிலில் ஆழமில்லாத பேசினில் விட்டுவிட்டு உள்ளே போகிறவர் திரும்பி வரும்போது தண்ணீர் கொதித்திருக்கும்.

தண்ணீர் பற்றியும் ஒரு விசயம். எங்கள் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எல்லோருக்கும் தெரியும். அதே படிவு ஆமை ஓட்டிலும் வரும், ஓடு காயும்போது வெள்ளைத் திட்டாகத் தெரியும். அதைப் படமெடுத்து ரொறன்ரோவுக்கோ, குழாய்த் தண்ணீர் பாவிக்கிற கொழும்புக்கோ அனுப்பினால் "பூஞ்சணம், மருந்து பூசு" என்று பதில் வரும். அங்கிருந்து பார்ப்பவர் மேல் பிழை சொல்ல முடியாது, அவர் இப்படிப்பட்ட தண்ணீரைக் கண்டதில்லை. தொட்டிக் கண்ணாடியில் நீர்மட்டக் கோட்டைப் பாருங்கள். அங்கேயும் அதே வெள்ளைக் கோடு இருந்து, ஓடு கடினமாக, மணமில்லாமல் இருந்தால் அநேகமாகச் சுண்ணாம்புப் படிவுதான். ஓடு மெதுமையாகி, நாற்றமடித்து, குழி விழுந்திருந்தால் அது அழுகல், தாமதிக்கக் கூடாது. இந்த வேறுபாட்டைக் கேளாமலே சொல்கிற உள்ளூர்க்காரர் ஒருவர் இருந்தால் அந்த ஒரு விசயத்தில் அவர் வெளிநாட்டு நிபுணரைவிடப் பெரியவர்.

கொழும்பில் ஊர்வனவற்றை வகைவகையாகச் சேர்த்து வைத்திருக்கிற சேகரிப்பாளர்களைப் பற்றி நீட்டத் தேவையில்லை. முப்பது வகை வைத்திருக்கிறார் என்பது அவரிடம் பணமும் இடமும் இருப்பதைக் காட்டும். படத்தில் அழகாக இருக்கிற பிராணி அடுத்த வருடப் படத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். "முட்டை இட்டிருக்கு" என்பதையும் பெரிதாக எடுக்க வேண்டாம். பெண் ஆமை ஆணே இல்லாமல் கருவில்லாத முட்டை இடும். முட்டை பொரித்து, குட்டி வளர்ந்து, ஓடு ஒப்பமாக வந்திருந்தால் அது வேறு கதை. அவரிடம் போய்ப் படிக்கலாம்.

மிருக வைத்தியர்களைப் பற்றி எங்கள் ஆட்களிடம் ஒரு முறைப்பாடு உண்டு: "அவைக்கு மாடு, ஆடுதான் தெரியும், ஆமை தெரியாது." பாதி உண்மை. பேராதனையின் மிருக வைத்திய பீடத்தில் படித்து வந்தவருக்கு நாளாந்தம் வருவது மாடும் ஆடும் நாயும்தான். ஆனால் தொற்று, ஊசி, மருந்தளவு, நோய்ப் பரிசோதனை ஆகியவற்றில் மேலே சொன்ன எவருக்கும் இல்லாத அடிப்படை அவருக்கு இருக்கிறது. ஆமை அவரிடம் குறைவாக வருவதால் சில விசயங்களை நாம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். மிக முக்கியமானது ஐவர்மெக்டின். மாட்டுக்கும் ஆட்டுக்கும் பூச்சிக்கு வழமையாகப் பாவிக்கிற இந்த மருந்து ஆமைக்கு நஞ்சு, உயிரைப் பறிக்கும். அடுத்தது, ஊர்வனவில் உடம்பின் பின்பகுதி இரத்தம் சிறுநீரகம் வழியாகப் போகக்கூடியது என்பதால் ஊசியை முன்னங்காலில் போடுவதே வழக்கம். மூன்றாவது விற்றமின் ஏ. கண் வீக்கத்துக்கு அதன் குறைபாடு ஒரு பொதுவான காரணம் என்றாலும் ஊசியாக அளவுக்கு மிஞ்சிப் போட்டால் தோல் உரிந்துவிடும்.

இவற்றை வைத்தியரிடம் எப்படிக் கேட்பது? பணிவாக, நேராக. "டொக்டர், ஆமைக்கு ஐவர்மெக்டின் ஆகாதெண்டு கேள்விப்பட்டன், இது அதுவோ?" என்று கேட்டால் நல்ல வைத்தியர் கோபிக்க மாட்டார். "எனக்கு ஆமை அவ்வளவு பழக்கமில்லை, ஒருக்கா விசாரிச்சுப்போட்டு பின்னேரம் சொல்லுறன்" என்று சொல்பவரை நான் முழுமனதாக நம்புவேன். தன் அறிவின் எல்லை எங்கே என்று தெரிந்தவரிடம் பிராணியைக் கொடுப்பதில் பயமில்லை. பார்த்த நிமிடமே ஊசியை எடுப்பவரிடம் கொஞ்சம் தயங்கலாம்.

இன்னொரு வகை ஆலோசகர் இருக்கிறார். யாரும் தேடிப் போவதில்லை, அவராகவும் முன்னுக்கு வருவதில்லை. எனக்குத் தெரிந்த, உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை ஒரே ஒரு சிவப்புக் காது ஆமை வைத்திருக்கிறாள். அவளிடம் ஒரு சிஆர் கொப்பி இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் அடிமட்டம் வைத்து நிரல் கீறியிருக்கிறாள்: திகதி, நிறை, ஓட்டு நீளம், காலைத் தண்ணீர் வெப்பம், மதியத் தண்ணீர் வெப்பம், தீன், குறிப்பு. நிறை, சமையலறை டிஜிற்றல் தராசில் பிளாஸ்ரிக் டப்பாவை வைத்து எடுத்தது. குறிப்பு நிரலில் "கரண்ட் இல்லை, பில்டர் ஓடேல்லை", "கணவாய் ஓடு கடிச்சிருக்கு", "முருங்கையிலை தொடேல்லை, பூசணி தின்றது" என்று சின்ன எழுத்தில். ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்களில் நிறை கூடாமல் நிற்கிறது. அதைச் சுற்றி வட்டம் போட்டு "மழை, வெயில் இல்லை" என்று எழுதியிருக்கிறாள். அடுத்த வருடம் அதே மாதங்களில் மழை விட்ட நேரம் பார்த்து ஆமையை வெயிலில் விட்டதும், நிறை கொஞ்சம் கூடினதும் அங்கேயே இருக்கிறது.

அவள் வளர்க்கத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. ஆனால் அந்தக் கொப்பிக்குள் இருக்கிற வருடங்கள் உண்மையான வருடங்கள், ஏனென்றால் ஆமை மெதுவாகக் காட்டுவதை அவள் எழுத்தில் பிடித்து வைத்திருக்கிறாள். நினைவில் வைத்துக்கொள்கிறவருக்குக் கிடைக்காத பாடம் இது. கண் வீங்கின ஆமையைப் பற்றி அவளிடம் கேட்டால் முதலில் மருந்து வராது. "தண்ணி எப்ப மாத்தினது? ஏறிக் காயிறதுக்குக் கல் இருக்கா? வெறும் கூனி இறால்தான் போடுறியளோ, இலை ஏதும் குடுக்கிறியளோ?" என்று கேள்விகள்தான் வரும். அழுக்குத் தண்ணீர், விற்றமின் ஏ குறைவு, தொற்று ஆகிய மூன்றும் தனியாகவோ சேர்ந்தோ கண்ணை வீங்க வைக்கும் என்பதால் அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் சரியான இடத்தைத் தொடுகின்றன.

இவ்வளவு பேரையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், எனக்கு மிகத் தெளிவாகத் தெரிகிற அடையாளம் இதுதான்: நீங்கள் பிரச்சினையைச் சொன்னவுடன் மருந்து சொல்கிறாரா, திருப்பிக் கேள்வி கேட்கிறாரா? கடையில் "உப்புத் தண்ணியில விடுங்கோ", ஒழுங்கையில் "வெயிலில வையுங்கோ", வட்சப்பில் "சூட்டைக் கூட்டு". மூன்றும் தொட்டியைப் பார்க்காமல் வந்த பதில்கள். வெயில் சிலவேளை சரியாகவே இருக்கலாம், ஆனால் ஐயாவுக்கு ஏன் சரி என்று தெரியாது. அதனால் அடுத்த தடவை பிழைக்கும்.

அடுத்த அடையாளம், மனம் மாறியதைச் சொல்கிறாரா என்பது. "முந்தி நானும் வெறும் மீன்தான் போட்டனான், இப்ப போடுறேல்லை, ஏனெண்டால்" என்று தொடங்குகிறவருக்கு அந்த "ஏனெண்டால்" பெரிய சொத்து. வயது, பிராணி எண்ணிக்கை, கடி எண்ணிக்கை, படங்களுக்கு விழுந்த விருப்பங்கள் இவற்றை எல்லாம் ஒரு பக்கம் வைத்துவிடலாம்.

சுத்தம் பற்றி அவர் தானாகப் பேசுகிறாரா என்பதும் எனக்கு முக்கியம். ஆமைத் தொட்டியைக் குசினித் தொட்டியில் கழுவச் சொல்கிறவர் சல்மொனெல்லாவை நினைக்கவில்லை. தொட்டித் தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றச் சொல்கிறவர் எங்கள் நிலத்தடி நீரை நினைக்கவில்லை. நாம் குடிப்பதும் அந்தக் கிணறுதான். வாழைக்கோ பூமரத்துக்கோ கிணற்றில் இருந்து தள்ளி ஊற்றச் சொல்பவர், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்பவர், பிராணியோடு சேர்த்து வீட்டு ஆட்களையும் யோசிக்கிறார்.

ஆகவே என் தெரிவு இப்படி. ஆமை தீன் எடுக்காமல், கண் திறக்காமல், வாயைத் திறந்து மூச்சு விட்டு, ஒருபக்கம் சரிந்து நீந்தினால் மிருக வைத்தியர்தான், அன்றைக்கே. மற்ற எல்லோரும் அதற்குப் பிறகு. அன்றாடப் பராமரிப்புக்குக் கொப்பி வைத்திருக்கிற ஆளைத் தேடுங்கள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், ஒரே பிராணியை நீங்கள் இரண்டு தடவை, ஒரு வருட இடைவெளியில் பார்க்கக்கூடியதாக வைத்திருக்கிற எவரும் பரவாயில்லை. உபகரணம், கல்சியம், யூவிபி பற்றிய சந்தேகத்துக்கு வெளிநாட்டு மச்சான். வெப்பம், தண்ணீர் பற்றி அவர் சொல்வதை இங்கே ஒரு வெப்பமானியால் சரிபார்த்துவிட்டுச் செய்யுங்கள். உள்நாட்டுப் பிராணிகளின் குணம் அறிய ஐயா, ஆனால் அவர் பிடித்துத் தந்தால் வாங்க வேண்டாம். கடைக்காரரிடம் பிராணியின் பூர்வீகம் மட்டும். நச்சுப் பாம்பு விசயத்தில் ஊருக்குள் யாரும் வேண்டாம்.

வைத்தியரிடம் போகும்போது ஆமையை மட்டும் கொண்டு போகாதீர்கள். தண்ணீர் இல்லாத, ஈரத்துணி விரித்த, காற்றுத் துளையுள்ள பெட்டியில் அதை வைத்து, தொட்டியை முன்னாலும் மேலாலும் எடுத்த படம், போடுகிற தீனின் பைக்கற், காலையும் மதியமும் அளந்த தண்ணீர் வெப்பம், கடைசியாக எப்போது தின்றது, எப்போது மலம் கழித்தது என்று எழுதின துண்டு, இவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். யாராவது ஏற்கனவே சொல்லி ஏதாவது மருந்து விட்டிருந்தால், அது கண் மருந்தாக இருந்தாலும் உப்பாக இருந்தாலும், மறைக்காமல் அதன் பெயரையும் அந்தத் துண்டில் எழுதுங்கள். மாட்டுக்குப் பாவிக்கிற பூச்சி மருந்து ஏதாவது கொடுபட்டிருந்தால் மற்றதைச் சொல்வதற்கு முதல் அதைச் சொல்லுங்கள்.